மூன்று பூட்டுப் பெட்டி: மலையில் கூலி வேலை செய்கிறவர்கள் தாங்களே நடத்தும் சேமிப்புக் குழுவைத் தொடங்குவது எப்படி?

"எவ்வளவு லோன் தருவீங்க?"

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு வாசலில் நின்று, "ஒரு குழு ஆரம்பிக்கலாமா" என்று வாயெடுத்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் குழு என்றாலே வெளியிலிருந்து கடன் கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாடு என்றுதான் இருபது வருடமாக அர்த்தம். நான் சொல்லப்போவது அது இல்லை. வெளியிலிருந்து ஒரு பைசா வராது. பேங்க் கிடையாது, மானியம் கிடையாது, மனு எழுதவேண்டாம். (மனு எழுதவேண்டிய விஷயம் இருந்தால் எழுதுங்கள். அது வேறு வரிசை, நீளமான வரிசை. அதில் நிற்கிறபோதே இதைச் செய்யலாம்.)

நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பல வருடம் இலைக் கணக்கு எழுதியவன். எடைத் தராசுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் புரிந்தது ஒன்று: கூலி குறைவு என்பது பாதிக் கதைதான். அந்தக் கூலி சீராக வராது என்பதுதான் மீதி. ஏப்ரலிலிருந்து ஜூன் வரையும், அப்புறம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையும் இலை கொட்டும். டிசம்பரில் உறைபனி ஆரம்பித்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலும் சேர்ந்துகொண்டால் செடி சும்மா நிற்கும். வாரத்தில் ஆறு நாள் வேலை இருந்த இடத்தில் மூன்று நாள்தான் இருக்கும். ஆனால் கேஸ் சிலிண்டர், செல்போன் ரீசார்ஜ், பிள்ளையின் பஸ் காசு எதுவும் மூன்று நாளாகக் குறையாது. அந்த இடைவெளியில் புகுந்துதான் வாரத் தவணைக்காரர் வாசலில் பைக்கை நிறுத்துகிறார்.

அவர் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் கடன் என்பார். கையில் வருவது 8,500. வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்டவேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே போகுது" என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் இல்லையா? அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் பதின்மூன்று ரூபாய் வட்டி. கூலி ஐம்பது ரூபாய் ஏறினால்கூட, இந்த ஓட்டை அடைபடாமல் அந்தக் காசு கையில் நிற்காது. நம்மால் இன்றைக்கே அடைக்க முடிந்த ஓட்டையும் இதுதான்.

கூட்டம் போடுவதற்கு முன்

ஐந்து வீட்டுக்குப் போய் உட்காருங்கள். ஒரு நோட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கட்டம் போட்டு, எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்த மாதம் எதற்குக் கடன் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவசரப்படாதீர்கள், இதற்கு ஒரு மாதம் ஆகட்டும்.

நான் முதலில் உட்கார்ந்த வீட்டில் ஒரு அக்கா பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே பச்சை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று தவணை அட்டைகள். மஞ்சள் அட்டையில் வாங்கியது பச்சை அட்டையைக் கட்ட. ரோஸ் எதற்கு என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மஞ்சளுக்குத்தான் இருக்கும்ணே" என்றார். ஆதியில் பச்சை அட்டைக் கடன் எதற்காக வாங்கினது? ஜூன் மாதம், மகள் ஒன்பதாம் வகுப்பு சேர, யூனிஃபார்ம், ஷூ, நோட்டு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். அதற்குப் பிறகு அந்தப் பெண் பிளஸ் டூ போய்விட்டாள்.

ஐந்து வீட்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் ஊருக்கு எந்த மாதம் கழுத்தைப் பிடிக்கிற மாதம் என்று தெரிந்துவிடும். குழுவின் நாள்காட்டி அதிலிருந்துதான் வரவேண்டும்.

பெட்டி எங்கிருந்து வந்தது

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் 1991-ல் கேர் (CARE) என்ற தொண்டு நிறுவனத்தார் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து தொடங்கியது. அப்புறம் எத்தனையோ நாடுகளுக்குப் பரவிவிட்டது. சாரம் ரொம்பச் சின்னது: இருபது பேர், ஒரு இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு. வாரா வாரம் எல்லார் முன்னாலும் காசு உள்ளே போகும். எல்லார் முன்னாலும் கடனாக வெளியே வரும். வருடக் கடைசியில் மொத்தத்தையும் பிரித்துக்கொண்டு பெட்டியைக் காலி செய்துவிடுவது.

நம் சீட்டு மாதிரித்தானே என்பார்கள். இல்லை. ஏலச் சீட்டில் அவசரக்காரர் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு எடுக்க, பொறுத்திருப்பவர் லாபம் பார்ப்பார். அதோடு சீட்டுக்கு 1982-ம் வருடச் சட்டம் இருக்கிறது. பதிவில்லாமல் நடத்துவது தப்பு. பெட்டியில் ஏலமும் இல்லை, சீட்டு பிடிக்கிறவர் என்று ஒருவரும் இல்லை.

ஆள் சேர்ப்பது

பதினைந்துக்குக் குறையாமல், இருபத்தைந்துக்கு மேல் போகாமல். ஒரு வீட்டுக்கு ஒருவர். நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள். மழைக்காலத்தில் ஒரு வளைவு தாண்டி வருவதே பெரும்பாடு, அதிலும் இருட்டிய பிறகு ரோட்டில் காட்டுமாடு நிற்கும்.

மேஸ்திரி, மளிகைக் கடைக்காரர், வட்டிக்கு விடுபவர், இந்த மூவரையும் சேர்க்காதீர்கள். நல்லவர்களாக இருந்தாலும் வேண்டாம். நாளை யாருக்கு வேலை கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், "இந்த வாரம் என்னிடம் காசு இல்லை" என்று ஒரு பெண் வாய் திறந்து சொல்லமாட்டார். சொல்லமுடியாத குழு நாலு மாதம் தாங்காது.

ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்து எஸ்டேட்டில் வேலை செய்பவர்களை என்ன செய்வது? எங்கள் ஊரில் இதில் சண்டையே வந்தது. அவர்களுக்கும் வேண்டும்தான். ஆனால் அவர்கள் ஊருக்குப் போகிற மாதம் வேறு, திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆறு மாதத்தில் பிரித்துக்கொள்ளும் தனிப் பெட்டிதான் அவர்களுக்குச் சரிப்பட்டது. நாங்கள் பூட்டு வாங்கிக் கொடுத்ததோடு சரி, மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

பங்கும் விதியும்

ஒரு பங்கு எவ்வளவு என்பதைக் குழுவிலேயே கஷ்டப்படுகிற வீடு தீர்மானிக்கட்டும். நான் முதல் வருடம் கெட்டிக்காரத்தனமாக நூறு ரூபாய் என்று வைத்தேன். அக்டோபரில் எல்லாரும் கட்டினார்கள். பிப்ரவரியில் நான்கு பேர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள், ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுவருடம் ஐம்பது ரூபாய்ப் பங்கு என்று மாற்றினோம். வாரத்துக்கு ஒரு பங்கிலிருந்து ஐந்து பங்கு வரை அவரவர் வசதி. இலை நன்றாக இருக்கும் வாரம் நான்கு, பனி வாரத்தில் ஒன்று. ஒன்றுகூட முடியாத வாரம் வந்து உட்கார்ந்தால் போதும்.

ஆளுக்கு ஒரு பாஸ்புக். ஒரு பங்கு கட்டினால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். எங்களுடையது இரண்டு இலையும் ஒரு மொட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஸ்டாம்பை எண்ணுவார். பேனாவால் எழுதாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் ஜூலை மழை. நீலமசி எல்லாம் ஒரே மேகமாக ஊறிப்போன நோட்டு ஒன்று இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

வருடம் எப்போது தொடங்குவது? சமவெளியில் தீபாவளிக்குப் பிரிப்பார்கள். எஸ்டேட்காரர்களுக்குத் தீபாவளிக்குப் போனஸ் வந்துவிடும், ஆகவே மலைக்கு அது பொருந்தாது. ஜூனில் தொடங்கி மே கடைசியில் பிரிப்பதுதான் இங்கே சரி. ஜனவரி வரும்போது பெட்டியில் ஏழு மாதப் பணம் இருக்கும், கடன் கேட்பவருக்கெல்லாம் கொடுக்க முடியும். ஏப்ரலில் இலை திரும்பும், ஊட்டி சீசனில் லாட்ஜ், ஹோம்ஸ்டே வேலையும் கிடைக்கும், கடன் அடைபடும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் கையில் காசு. பச்சை அட்டை வாங்கவேண்டி வராது.

பெட்டியும் சாவியும்

வெல்டிங் கடையில் சொன்னால் மூன்று கொண்டி வைத்துப் பெட்டி அடித்துத் தருவார்கள். மூன்று பூட்டின் சாவி மூன்று பேரிடம். பெட்டி நான்காவது ஆள் வீட்டில். சாவிக்காரர்கள் மூவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே வரிசை லைனாகவோ இருக்கக்கூடாது. காசைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் நோட்டில் பூஞ்சை பிடிக்கும். பூட்டுக்கு மாதம் ஒருமுறை இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.

ஒரு தடவை மூன்றாவது சாவிக்காரர் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார், சாவி அவர் முந்தானையிலேயே. அன்றைக்கு ஒருவருக்குக் கடன் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். போன் போட்டதும் அந்த அம்மா சாவியை விபூதிப் பொட்டலம் மாதிரிக் காகிதத்தில் மடித்துக் கோத்தகிரி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார். ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் பதினோரு பேர் ஒரு பொட்டலத்துக்காகக் குளிரில் நின்றோம். "பூட்டை உடைச்சா என்ன?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து சாவிக்காரர் வெளியூர் போனால் கூட்டத்தில் சொல்லி, எல்லார் முன்னாலும் இன்னொருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று விதி.

நீங்கள் வெளியிலிருந்து வந்து இதைத் தொடங்கி வைப்பவராக இருந்தால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். பணம் உங்கள் பேங்க் கணக்கிலும் வேண்டாம், ஜி-பேயிலும் வேண்டாம். இரண்டாவது வருடம் கடைசி வரிசையில் உட்காருங்கள். மூன்றாவது வருடம் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

கூட்டம்

வாரம் ஒரு நாள், கூலி கைக்கு வந்த சாயங்காலம், ஐந்து மணிக்கு. கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள் நள்ளிரவு தாண்டி வண்டி ஏறவேண்டியவர்கள். அவர்களை ஏழு மணிக்கு மேல் உட்கார வைப்பது பாவம். நாற்பது நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: "போன வாரம் உள்ளே எவ்வளவு வைத்தோம்?" எல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டும். போன வாரம் மூடும்போது தொகையை மூன்று தடவை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போயிருப்பார்கள். ஒருமுறை என் நோட்டில் 14,350 என்று இருந்தது. பின்னாலிருந்து ஒரு பாட்டி, "இல்லை, பதினாலாயிரத்து ஐந்நூத்தி முப்பது" என்றார். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர். எண்ணிப் பார்த்தோம். பாட்டி சொன்னதுதான் சரி. கணக்கு எழுதிப் பழகிய கைக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு வரிசையாகப் பங்கு, கடன் தவணை, புதுக் கடன். எண்ணுவதற்கு இரண்டு பேர், காசு ஒரு தட்டில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி.

கடன்

முதல் மூன்று மாதம் கடன் கொடுக்காதீர்கள், பெட்டி நிறையட்டும். அதன் பிறகு அவரவர் சேர்த்ததில் மூன்று மடங்கு வரை, மூன்று மாதத் தவணை. வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு. "நம்ம ஆளுங்ககிட்டயே வட்டியா?" என்று ஒருவராவது கேட்பார். அந்த வட்டி மே மாதம் அவர் மடிக்கே திரும்பி வருகிறது என்பதை அவர் பாஸ்புக்கை வைத்தே காட்டுங்கள். வட்டி இல்லாமல் விட்டால் இன்னொரு தொல்லை: தேவை இருக்கிறவரும் இல்லாதவரும் சேர்ந்து கேட்பார்கள்.

யாருக்கு முதலில்? நாங்கள் வைத்த வரிசை: ஆஸ்பத்திரி, அப்புறம் வாரத் தவணைக் கடனை அடைப்பது, அப்புறம் படிப்பு. காதுகுத்து, செல்போன் எல்லாம் கடைசி. பிஸ்கட் டப்பா அக்காவுக்கு ரோஸ் அட்டையை முடிக்க 3,000 கொடுத்தோம். மாதம் பதின்மூன்று கட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு கட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. மூன்று அட்டையும் தீர அவருக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த டப்பாவில் இப்போது பொத்தானும் நூலும் இருக்கிறது.

கட்ட முடியாமல் போனால்? வீட்டு வாசலில் போய்க் கத்தாதீர்கள். கூட்டத்தில் அவரே காரணம் சொல்லட்டும், தவணையை நீட்டுங்கள். வருடக் கடைசியில் அவர் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். குழுவுக்கு வெளியே யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். குழுப் பெயரில் வெளியே யாரிடமும் கடன் வாங்காதீர்கள். பெட்டி நன்றாக ஓடுவது தெரிந்தால் தேடி வருவார்கள், டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள்.

பத்து ரூபாய்

பங்கு தவிர ஆளுக்கு வாரம் பத்து ரூபாய், தனிப் பையில். இது அவசர நிதி. திருப்பித் தரவேண்டாம், பிரிக்கவும் கூடாது. செடிக்குள் இலை பறிக்கிறபோது கரடியோ காட்டுமாடோ எதிர்ப்பட்டு அடிபடுவது இந்த மலையில் புதுசு இல்லை. இங்கே முதலுதவி செய்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு எழுதிவிட்டால் கூடப் போகிறவர் சாப்பாடு, திரும்பி வர வண்டி, ஒரு வாரக் கூலி எல்லாம் போகும். அந்த முதல் இரண்டு நாள் செலவைத்தான் இந்தப் பை தாங்கும். பெரிய சிகிச்சையைத் தாங்காது, அதைக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஷ்வினி அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் தங்கள் மக்களுக்கு ஆஸ்பத்திரியும் நடத்தி, உறுப்பினர்கள் சிறு தொகை கட்டும் குழுக் காப்பீடும் கொண்டுவந்தார்கள். குழு ஊறின பிறகு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது வருடத்துக்கு: சேர்ந்து வாங்குவது, எடை பார்ப்பது

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர், பலர் நெசவாளிகள், ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்துக் கடை ஒன்று திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று நாலைந்து சாமான்தான். இன்றைய கூட்டுறவுக் கடைகள் பின்பற்றும் விதிகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. நீங்கள் கடை திறக்கவேண்டாம். மே மாதம் இருபது பேருக்கும் கம்பூட்ஸ், மழைக்கோட்டு, பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் சேர்த்து மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ மொத்தமாக வாங்குங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். காலையில் இரண்டு பேர் போனால் மத்தியானம் திரும்பிவிடலாம். அரிசி ரேஷனில் வருகிறது, அதைத் தொடாதீர்கள். எண்ணெயும் பருப்பும் வாங்கிப் பார்த்தோம். பங்கு போட்டு அளப்பதில் வந்த மனஸ்தாபத்துக்கு மிச்சமான காசு ஈடாகவில்லை.

எடை விஷயம் நுணுக்கமானது. கிலோக் கணக்கில் கூலி என்றால் தராசு சரியாக இருக்கவேண்டும். சண்டையாகத் தொடங்காதீர்கள். பத்து லிட்டர் கேன் ஒன்றைக் காலியாக ஒரு மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையைக் கேன் மேலேயே எழுதிவையுங்கள். பத்து லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றினால் அதற்கு மேல் பத்து கிலோ. இலை எடை போடும் இடத்தில், "எங்களுக்கும் தெரிஞ்சுக்கணும் சார், இதை ஒரு தடவை வைங்க" என்று வையுங்கள். ஈர இலைக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதையும் அவரவர் நோட்டில் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நோட்டு என்றால் அது புகார். இருபது நோட்டிலும் ஒரே எண் இருந்தால் தோட்ட முதலாளியே உட்கார்ந்து பேசுவார். நாங்கள் அப்படிப் பேசித்தான் சனிக்கிழமை தவறாமல் கூலி, செடிப் பக்கத்தில் ஒரு மறைப்பு வைத்த கழிப்பிடம் இரண்டையும் வாங்கினோம். கூலி எவ்வளவு என்ற பேச்சில் அவ்வளவு வெற்றி இல்லை. நாலு தடவை கேட்டு ஒரு தடவை கொஞ்சம் ஏறியது.

பிரிக்கும் நாள்

மே கடைசி ஞாயிறு. அதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாக் கடனும் உள்ளே வந்திருக்கவேண்டும். கணக்கு இப்படி: இருபது பேர், சராசரியாக வாரம் ஆளுக்கு இரண்டு பங்கு என்றால் 52 வாரத்தில் 2,080 பங்கு, 1,04,000 ரூபாய். வட்டியாக 9,360 வந்திருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1,13,360. இதை 2,080-ஆல் வகுத்தால் பங்குக்கு 54 ரூபாய் 50 பைசா. ஐம்பது போட்ட இடத்தில் ஐம்பத்து நான்கரை. ஒவ்வொருவர் ஸ்டாம்பையும் பக்கத்தில் இருப்பவர் எண்ணிச் சொல்லட்டும், பிறகு அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

ஐம்பது பைசாவோடு மல்லுக்கட்டாதீர்கள். பங்குக்கு 54 என்று கொடுங்கள். 104 பங்கு சேர்த்தவருக்கு 5,616. சில்லறையை முந்தின நாளே பெட்ரோல் பங்க்கிலோ பஸ் கண்டக்டரிடமோ மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு முதல் வருடம் இரண்டு மணி நேரம் திண்டாடினோம். ஐம்பது ஐம்பது பைசாவாக மிஞ்சுகிற 1,040 ரூபாயை அவசர நிதிப் பையில் போட்டு, ஜூன் முதல் கூட்டம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, மூன்று பூட்டையும் போட்டுவிடுங்கள்.